உள்ளங்காலில் இல்லாத முள்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்கேன் மெஷின் வந்ததற்குச் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். கேசரி நன்றாக இருந்தது. இப்போது ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் நர்ஸ் பெண் ஒருத்தி தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சிஸ்டர், ஒங்களுக்கு முள்ளு சிஸ்டர்னு பேராமே, எப்புடி வந்துச்சு? எங்க விழா மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

பாராட்டாகத்தான் கேட்டாள். பெயர் வந்த கதையைச் சொல்ல அரைப் பக்கம் போதும். அந்தப் பெயரை நான் ஏன் விட்டேன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆவூர்ப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியோடு திருச்சிக்குப் போனேன். மூன்று வருஷத்தில் ஊசி போடவும், அழாமல் இருக்கவும், மேட்ரனுக்குப் பயப்படவும் கற்றுக்கொண்டேன். இதில் மூன்றாவது மட்டும் சீக்கிரம் மறந்துபோனது. அப்புறம் நாலைந்து ஊர் மாற்றல். கடைசியில் சொந்த மாவட்டத்துக்கே வந்து, டிரெஸ்ஸிங் ரூமையும் சின்ன தியேட்டரையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் நிலைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் சீமைக்கருவேலக் காடு. ஆடு மேய்க்கிறவர், விறகு வெட்டுகிறவர், கண்மாய்க் கரையில் நடக்கிறவர் எல்லோர் காலிலும் வருஷத்துக்கு ஒரு முள்ளாவது ஏறிவிடும். பாதி முள் உள்ளேயே ஒடிந்துபோகும். அதை ஊக்கால் குத்தி, எருக்கம்பால் வைத்து, புண்ணாக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். எனக்குக் கை வாகு இருந்தது. விளக்கைச் சாய்த்து வைத்து, மரப்பு ஊசி போட்டு, கூர்முனை பிளேடால் அரிசி அகலம் கீறினால் போதும், முள் இடுக்கியில் வந்துவிடும். எடுத்த முள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டுவேன். பார்த்த உடனே பாதி வலி போய்விடும் அவர்களுக்கு. நார்த்தாமலையிலிருந்தும் குளத்தூரிலிருந்தும், "முள்ளு எடுக்குற சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். டாக்டரைக் கேட்க மாட்டார்கள், என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. தலைக்கனம் என்றும் சொல்லலாம்.

அடைக்கலம் அப்படித்தான் வந்தார். எங்கள் வழித்தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும், தாட்டியான ஆள், பேச்சு மட்டும் மெதுவாக வரும். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்து நின்றார்.

"சிஸ்டர், எடது கால்ல முள்ளு ஒண்ணு தங்கிருச்சு. கிளச்ச மிதிச்சா உயிரு போகுது. கொஞ்சம் பாத்து விடுங்களேன். அடுத்த ட்ரிப்புக்கு இருவது நிமிஷம் இருக்கு."

செருப்பை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவர்கள்தான் அந்தக் காலத்து டிரைவர்கள். உள்ளங்காலில் பள்ளமான இடத்தில், குதிகாலுக்கும் விரல்களுக்கும் நடுவே, வேப்பங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. கெட்டியாக இருந்தது. மேலே முள் ஏறிய கரும்புள்ளி எதுவும் இல்லை. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். முள் ஏறினால் புள்ளி இருக்கும், சீழ் வரும், தொட்டால் துள்ளுவார்கள். இது நாலு மாதமாக அப்படியே இருக்கிறது என்றார். நானோ, முள் ஆழத்தில் இருக்கிறது, சுற்றிச் சதை கட்டியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓ.பி. சீட்டு போடவில்லை. ரிஜிஸ்டரில் எழுதவில்லை. வெளியே கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். கீறினேன். முள் வரவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி கீறினேன், இன்னும் கொஞ்சம் ஆழமாக. வெள்ளையாக, நார் நாராக, பிளேடுக்கு எளிதில் அறுபடாத ஏதோ வந்தது. முள்ளைச் சுற்றிய சதை என்று அதை வாளியில் போட்டுவிட்டு, ஒரு தையல் போட்டு அனுப்பினேன்.

"முள்ளு வந்துருச்சா சிஸ்டர்?"

"கரைஞ்சு வந்துருச்சு. போங்க" என்றேன். அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது.

அந்த வருஷம்தான் டாக்டர் கதிரேசன் எங்களுக்கு சர்ஜனாக வந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலில் எந்த வியாதி என்று வந்தாலும் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் பச்சைத் துணியை விரித்து, "காலைக் குடுங்க" என்பார். எங்கள் ஜனங்களுக்கு அது ஆகாது. டாக்டர் மடியில் காலை வைப்பதாவது! "ஐயோ, வேணாம் சார், பாவம் சார்" என்று காலை இழுத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் சிலர் கும்பிட்டே விடுவார்கள். அவர் அசைய மாட்டார். "கால் ஒங்ககிட்டயே இருக்கட்டும். கட்டிய மட்டும் குடுங்க, பாத்துட்டுத் தந்துர்றேன்" என்பார். சிரித்துவிட்டுக் கொடுப்பார்கள். பார்த்து முடித்த பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: "இதுக்கு முன்னால யார் யார் கை வச்சாங்க?" யார் பெயரைச் சொன்னாலும் திட்ட மாட்டார், எழுதிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆறேழு மாதம் கழித்து அடைக்கலம் திரும்ப வந்தபோது கட்டி நெல்லிக்காய் அளவாகியிருந்தது. தோல் சிவந்து, நான் போட்ட தழும்போடு ஒட்டியிருந்தது. இந்த முறை சீட்டுப் போட்டு, மனைவி பாக்கியத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மடியில் துணியை விரித்தார். அடைக்கலம் ரொம்பக் கூச்சப்பட்டு இடது காலை மட்டும் நீட்டினார். வலது காலை வேட்டிக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டார். பஸ் ஓட்டிய அழுக்கு, பித்தவெடிப்பு.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு கால் பெருவிரலைப் பிடித்து மேலே வளைத்தார். கயிற்றுக் கட்டிலில் கயிறு முறுக்கேறுவதுபோல உள்ளங்கால் இறுகியது, கட்டி மேலே எழும்பியது. "முள்ளுன்னா இப்புடி எழும்பாது" என்றார் என்னிடம். நான் தலையை ஆட்டினேன்.

"இதுக்கு முன்னால யார் யார் கை வச்சாங்க?"

அடைக்கலம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "யாரும் இல்ல சார். நாந்தேன் ஊக்க வச்சுக் கொஞ்சம் நோண்டுனேன்" என்றார்.

என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தார். சீட்டில்லாமல் அவசரத்துக்கு உதவி செய்த சிஸ்டரை மாட்டிவிடுவது மரியாதையில்லை என்று நினைத்தார். எங்கள் பக்கத்து மனிதர்கள் இப்படித்தான். நான் அங்கே வளைந்த கிட்னி டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. டாக்டர், 'முன் சிகிச்சை இல்லை' என்று எழுதினார்.

கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு வெளியூர் லேபுக்கு அனுப்பினோம். ரிப்போர்ட் வந்தது. செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, நார்த்திசுப் புற்றாக இருக்கலாம், இல்லையென்று தள்ளிவிட முடியாது என்று இருந்தது. டாக்டர் அவரைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடுவதுதான் பத்திரம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். காகிதத்தில் இருந்ததை வைத்துச் சொன்னார்கள். காகிதத்தில் நான் இல்லை.

பாக்கியம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "கால எடுத்துட்டா எப்புடி சார் கிளச்ச மிதிப்பாரு?" என்று கேட்டார். உயிர் பிழைப்பாரா என்று கேட்கவில்லை. அந்த மனுஷருக்கு மினிபஸ்தான் எல்லாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடைக்கலம் போகும்போது என்னிடம், "வாரேன் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. தியேட்டரில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தேன். வேலை போய்விடும், மெமோ வரும், ஊரெல்லாம் முள்ளு சிஸ்டர் என்று சொன்ன வாய் வேறு மாதிரி சொல்லும் என்றெல்லாம் பயம். அதைவிட, ஒரு காலை என் வாய் மூடியிருந்ததற்காக வெட்டப் போகிறார்கள் என்ற பயம்தான் பெரிது. டாக்டர் கை கழுவ வந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"சார், அடைக்கலம் காலுல ரெண்டு வாட்டி நான் கை வச்சிருக்கேன்."

அவர் குழாயை மூடவில்லை. முழங்கை வரை கழுவி முடித்தார். துடைத்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.

"மொத வாட்டி எப்ப?"

சொன்னேன். எவ்வளவு ஆழம், எந்த பிளேடு, எவ்வளவு வந்தது, என்ன நிறம், ஒட்டுமொத்தமாக வந்ததா துண்டு துண்டாகவா, தையல் போட்டீர்களா, ஆற எத்தனை நாள் ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் செய்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. எழுதி முடித்துவிட்டு, "அன்னிக்கு நானும் ஒரு காலத்தான் பாத்தேன். அவரு ஒளிச்சத அப்புடியே விட்டுட்டேன். அடைக்கலத்த வரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் அடைக்கலம் வந்தார். டாக்டர் இரண்டு காலையும் கேட்டார். வலது உள்ளங்காலில், அதே பள்ளத்தில், மொச்சைக் கொட்டை அளவுக்கு இன்னொரு கட்டி இருந்தது. வலியில்லாததால் அவருக்கே தெரியவில்லை. டாக்டர் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். சந்தோஷம் அது.

"ஒங்க அப்பாவுக்குக் கை வெரலு ஏதாச்சும் மடங்கி இருந்துச்சா?"

"ஆமா சார்! மோதிர வெரலு. நீட்ட வராது. மம்பட்டி பிடிச்சுப் பிடிச்சு அப்புடி ஆயிருச்சுன்னு சொல்லுவாரு."

உள்ளங்காலில் தோலுக்குக் கீழே, குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு வெள்ளை நார்ப்பட்டை ஓடுகிறது. சிலருக்கு, அபூர்வமாக, அதில் முடிச்சு மாதிரி கட்டி விழும். பிளான்டார் ஃபைப்ரோமா என்பார்கள். புற்று இல்லை, பரவாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. சில குடும்பங்களில் இரண்டு காலிலும் வரும், கை விரலை மடக்கவும் செய்யும். வலிக்காவிட்டால் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. அரைகுறையாகக் கீறினால் முன்னைவிட வேகமாக வளரும், ஆறுகிற புண்ணின் செல்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பயமுறுத்தும். நான் செய்தது அதுதான்.

டாக்டர் இரண்டு பக்கம் கடிதம் எழுதி, அதே ஸ்லைடுகளை மதுரையில் இன்னொரு பரிசோதகருக்கு அனுப்பினார். இரண்டு முறை கீறியது, மறு காலில் உள்ள கட்டி, அப்பாவின் விரல், எல்லாம் அதில் இருந்தது. எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட சொன்னது போதாது சிஸ்டர். அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிருங்க."

போய்ச் சொன்னேன். மரத்தடியில் அடைக்கலமும் பாக்கியமும் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியம் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப ஒங்க கைதானா? அம்புட்டுப் பேரும் கால எடுக்கணும்னு சொன்னப்ப நீங்க அங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?" என்றார். உண்மைதான் என்றேன். அடைக்கலம் கையைப் பிடித்து அவரை உட்கார வைத்தார். "முள்ளுன்னு சொன்னது நாந்தான, விடு" என்றார். அவர் விட்டுவிட்டார். பாக்கியம் விடவில்லை. அதுதான் நியாயம்.

பதினோரு நாள் காத்திருந்தோம். டாக்டருக்கு மதுரையிலிருந்து போன் வந்தபோது நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். "நார்க்கட்டிதான்" என்றார் என்னிடம். எண்ணியதை மறந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், அழுதுகொண்டே.

கால் தப்பியது. ஆனால் கட்டி கிளச்சை மிதிக்க விடாது, அதை எடுத்தே ஆக வேண்டும். இந்தக் கேஸிலிருந்து என்னை ஒதுக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்கதான் நிக்கிறீங்க" என்றார் டாக்டர்.

முதுகில் மரப்பு ஊசி. தொடையில் காற்றுப் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தினோம். கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உடம்புப் பாரம் விழாத உள்பக்கமாகப் பேனாவால் ஒரு வளைவு வரைந்தார். என் தழும்பையும் அந்தக் கோட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். தோலை அவர் தூக்கியபோது அந்தப் பட்டையை முழுதாகப் பார்த்தேன், பனங்குருத்து மாதிரி வெள்ளை வெளேரென்று. கட்டி தனியாக நிற்கவில்லை. எங்கே பட்டை முடிகிறது, எங்கே கட்டி தொடங்குகிறது என்று கோடு கிழிக்கவே முடியாது. நான் நடுவில் நோண்டியிருந்தேன், நாலு பக்கமும் மிச்சம் வைத்திருந்தேன். டாக்டர் ஓரத்தில் நல்ல பட்டையையும் சேர்த்து, ஏறக்குறைய முழுதாக எடுத்தார். விரல்களுக்குப் போகும் நரம்புகள் நூல் கனம்தான். ஒவ்வொன்றையும் ஈர நாடாவால் ஒதுக்கி, "பிடிங்க, இழுக்காதீங்க" என்பார். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. தைப்பதற்கு முன்பே காற்றுப் பட்டையை அவிழ்த்து, கசிகிற இடங்களைப் பொறுமையாக அடைத்தார். உள்ளே ரத்தம் தங்கினால் உள்ளங்கால் தோல் செத்துவிடும்.

மூன்று வாரம் கால் தரையில் படக்கூடாது. தினமும் டிரெஸ்ஸிங் நான்தான். பாக்கியம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். தோலில் ஓரிடம் கறுத்தது, நான் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன், அது தானாகத் தெளிந்தது. தையல் பிரித்த பிறகு, மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும் என்றார் டாக்டர். அதை எங்கள் ஆஸ்பத்திரியில் தொழுநோய்ப் பிரிவில்தான் செய்வார்கள். கறுப்பு நிறம், வார் வைத்தது. பார்த்தவுடன் ஊருக்குத் தெரியும். "அத மாட்டிக்கிட்டு பஸ்ல ஏறுனா ஒருத்தரு ஏற மாட்டாக" என்றார் பாக்கியம் டாக்டரிடம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் அளவுக்கும் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டேன். வார்டில், ஓ.பி.யில், பஸ் ஸ்டாப்பில், கோயிலில் என்று பத்து நாள் அதோடுதான் அலைந்தேன். கேட்டவர்களிடம், "நின்னு நின்னு காலு வலிக்குது, இது மெத்து மெத்துன்னு இருக்கு" என்றேன். கடைசியில் ஆயா ஒருத்தியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பதினோராவது நாள் பாக்கியம் வந்து, என் காலைப் பார்த்துவிட்டு, "அவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார். அறுவைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வலது கால் கட்டியை நாங்கள் தொடவே இல்லை. டாக்டர் மாற்றலாகிப் போன பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை நூல் வைத்து அளந்து எழுதிவைத்தேன், அது வளரவில்லை. மெமோ எனக்கு வந்தது, பதில் எழுதினேன், ஒரு இன்கிரிமென்ட் நின்றது. அதற்குப் பிறகு முள் எடுக்க யார் வந்தாலும் முதலில் சீட்டு, பிறகு டாக்டர், பிறகுதான் பிளேடு. முள்ளு சிஸ்டர் என்று கூப்பிடுவதும் மெல்ல நின்றுபோனது. இப்போது கட்டி என்றால் எடுத்த எடுப்பில் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். முள்ளா நாரா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மெஷினுக்கு விழா எடுத்தது நல்ல காரியம்.

அறுவை முடிந்து நாலாவது மாதம், ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து வாசலில் நின்றேன். மினிபஸ் வந்து நின்றது. ஓட்டி வந்தது அடைக்கலம். அன்றுதான் மறுபடி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார், எனக்குத் தெரியாது. டிரைவருக்குப் பின்னால் குறுக்கு சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர் இடது கால் தெரியும். கறுப்புச் செருப்புக்குள் அந்தக் கால் கிளச்சை மிதித்தது, விட்டது. முதல் கியர், இரண்டாவது கியர். வேகத்தடை, மறுபடி மிதித்தது. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்தேன். சுருங்கவில்லை. அடுத்ததிலும் சுருங்கவில்லை. ஆடு குறுக்கே வந்தது, சட்டென்று மிதித்தார், அப்போதும் சுருங்கவில்லை.

"சிஸ்டர்" என்றார் அடைக்கலம், திரும்பாமலே. "ஒங்க ஊரு விலக்கு ரோடு தாண்டி ரெண்டு ஸ்டாப்பு ஆயிருச்சே, எறங்கலையா?"

"போகட்டும்" என்றேன். "நீங்க ஓட்டுங்க."